சீசனில் இலைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை சீசன் வந்துவிட்டால் நீலகிரியின் சைவ உணவகங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் தலைகாட்டுகிறது. சனி, ஞாயிறுகளில் 'இன்று சாப்பாடு இல்லை' என்று வாசலில் அட்டையை மாட்டிவிட்டு, ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், பரோட்டா என்று பொழுதை ஓட்டிவிடுகிறார்கள். சாப்பாடு போடுகிற இடங்களிலும் மதியம் ஒன்றரை மணிக்கே சாதம் தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கிறார்கள். பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று பத்துப் பேராக விடியற்காலையில் கிளம்பி மலையேறி வரும் குடும்பத்துக்கு, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுகிற அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய பயணத்தில் உண்மையான ஓய்வு. அந்த நேரத்தில் ஆளுக்கொரு தட்டு நூடுல்ஸை நீட்டினால் பெரியவர்கள் அரைவயிறோடு எழுந்துவிடுகிறார்கள்.

கேட்டால் மூன்று காரணம் சொல்கிறார்கள். மலையில் சோறு சீக்கிரம் வேகாது, இலையில் போட்டதும் ஆறிவிடும், கூட்டம் எப்போது வரும் என்று தெரியாது. மூன்றுமே உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் வழி இருக்கிறது. மலையில் சமையல் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் அந்த வழிகளை உணவக உரிமையாளர்களும், மலைக்கு வரவிருக்கும் குடும்பங்களும் தெரிந்துகொள்ளும்படி எழுதுகிறேன்.

முதலில் உலை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். குன்னூரில் அது 94 ஆகிவிடும். உதகையில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. கீழிருந்து புதிதாக வரும் மாஸ்டர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நன்றாகக் கொதிக்கிறதே என்ற தைரியத்தில் கோயம்புத்தூரில் வைக்கும் அதே நேரத்துக்குச் சோற்றை இறக்கி வடித்துவிடுவார்கள். மேலே பூத்திருக்கும், உள்ளே நறுக்கரிசியாக நிற்கும். சரி, இன்னும் பத்து நிமிடம் விடலாம் என்று விட்டால் மேல்பகுதி கரைந்து கஞ்சியோடு போய்விடும், நடுப்பகுதி பிடிவாதமாக அப்படியே இருக்கும்.

சூடு குறைவாக இருக்கும்போது தண்ணீர் அரிசியின் நடுப்பகுதிவரை போய்ச் சேர நேரமாகிறது. அந்த வேலையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பச்சரிசி என்றால் அரை மணி நேரம், புழுங்கலரிசி என்றால் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீர் கை விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்திருக்கும்; அதில் ஊறவைத்தால் ஊறாது. வெதுவெதுப்பான தண்ணீர்தான் வேண்டும். அரிசியைப் போல் ஆறு மடங்கு தண்ணீர் உலையில் இருக்கட்டும். ஒரே அண்டாவில் 25 கிலோவைக் கொட்டுகிற பழக்கத்தை மலையில் அடியோடு விட்டுவிடுவது நல்லது. அத்தனை அரிசி விழுந்ததும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வருவதற்குள் அரிசி கொதிக்காத வெந்நீரில் கிடந்து பிசுபிசுத்து, அடியில் ஒட்டத் தொடங்கும். ஆறு கிலோ, எட்டு கிலோவாகப் பிரித்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் கொதி திரும்பிவிடும்.

பதம் பார்ப்பதிலும் மலைக்கு ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரியும்போதே கீழே வடித்துவிடுவார்கள்; மூடிவைத்த சூட்டிலேயே அது வெந்துவிடும். உதகையின் குளிரில் வடித்த பானையின் சூடு சரசரவென்று இறங்கிவிடுவதால் அந்த மிச்சப் புள்ளி வேகவே வேகாது. புள்ளி முழுக்க மறைந்து, பருக்கை மாவாக நசுங்கிய பிறகே வடிக்க வேண்டும். அதன்பின் பத்து நிமிடம் மூடித் தம்மில் வைத்தால் உதிரியாக நிற்கும்.

நீராவி பாய்லர் வைத்திருக்கும் உணவகங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூடிய கலனில் அழுத்தம் ஏறும்போது சூடு நூறு டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ஆனால் மூடியைத் தளர்த்தி வைத்து நீராவியைத் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டு வேகவைத்தால் பாய்லர் இருந்தும் பயனில்லை. திறந்த பானையின் அதே 93 டிகிரிதான்.

பருப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. துவரம்பருப்பை உதகையில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து மசிக்கலாம் என்று நினைப்பது எரிவாயுவுக்கு நஷ்டம். குக்கர்தான் ஒரே வழி. குக்கருக்குள்ளும் மலையின் கணக்கு தொடர்கிறது. கீழே 121 டிகிரிவரை போகும் அதே குக்கர் உதகையில் 117 டிகிரியோடு நின்றுவிடும். வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால் உள்ளேயும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே விசில் எண்ணிக்கையை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். கீழே பத்து நிமிடம் என்றால் இங்கே பதினான்கு வையுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்தால் போதும். உப்பும் புளியும் பருப்பு மசிந்த பிறகுதான். காய்க்கும் இதே விதி. புளிக்கரைசலில் போட்ட முள்ளங்கியும் நூக்கலும் மலையில் ஒரு மணி நேரமானாலும் கடுக்கென்று நிற்கும். புளிப்பு காயின் நாரை இளகவிடாது, சூடும் போதாது என்றால் எப்படி வேகும்? காயை முக்கால் பதம் வேகவைத்துவிட்டுப் பிறகு புளி சேர்த்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

எரிவாயு பற்றியும் சொல்ல வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும்போது தீ சுருங்கிவிடுகிறது என்பது இங்கே பல சமையலறைகளில் கேட்கும் புலம்பல். 19 கிலோ வணிக சிலிண்டரில் திரவமாக இருப்பது ஆவியாக வெளியே வரச் சூடு வேண்டும். குளிரில் வேகமாக இழுக்க இழுக்க சிலிண்டர் மேலும் குளிர்ந்து, வெளிப்புறம் வியர்த்து, சில நாள் வெள்ளையாகப் பனிகூடப் பூத்துவிடும். உள்ளே கால்வாசி இருக்கும்போதே தீ மங்கும். அதற்காக வெந்நீரை ஊற்றுவதும், அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்பதும் உயிருக்கு உலை வைக்கிற வேலை. எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. மூன்று நான்கு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்துவிட்டால் ஒவ்வொன்றிலிருந்தும் இழுக்கும் வேகம் குறையும், தீயும் சீராக இருக்கும்.

இனி கூட்டத்தின் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் நண்பகலை ஒட்டி உதகைக்கு வந்து சேர்கிறது. அதே ரயில் மதியம் 2 மணிக்குத் திரும்பிவிடும். அதில் வந்து அதிலேயே திரும்புகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் இவ்வளவுதான். காரிலும் வேனிலும் வருகிறவர்கள் தாவரவியல் பூங்காவைச் சுற்றிவிட்டு இரண்டு மணிக்கு மேல் பசியோடு இறங்குகிறார்கள். ஆக உதகையில் மதியம் இரண்டு அலை. பெரும்பாலான உணவகங்கள் முதல் அலைக்கு மட்டும் சோறு வடித்து வைக்கின்றன. கல்லாவில் இருப்பவர் பன்னிரண்டரைக்கு வாசலை எட்டிப் பார்த்து, கூட்டம் இருக்கிறது, இன்னொரு பானை வையுங்கள் என்று சொல்வார். அப்போதுதான் அரிசியை அளந்து, களைந்து, ஊறவைத்து, உலையைச் சூடேற்ற வேண்டும். அது இலைக்கு வரும்போது இரண்டரை மணி. இடையில் வந்தவர்களுக்குத்தான் 'சாதம் இல்லை' என்ற பதில்.

பழைய பந்தி முறைதான் இதற்குச் சரியான மருந்து. நாற்பது பேர் உட்காரும் கூடத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு, பன்னிரண்டே முக்கால், ஒன்றரை, இரண்டேகால் என்று நான்கு பந்தி. குழந்தைகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 140 கிராம் அரிசி என்று வைத்தால் ஒரு பந்திக்கு ஆறு கிலோவுக்குள் முடியும். பந்திக்கு ஒரு பானை. ஊறிய அரிசி முதல் பானையில் பதினொரு மணிக்கு விழ வேண்டும். நாற்பது நிமிடம் கொதி, பத்து நிமிடம் தம், பன்னிரண்டுக்கு முன் கூடத்துக்கு வந்துவிடும். அடுத்தடுத்த பானைகள் 11.45, 12.30, 1.15. இரண்டு அடுப்பை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றில் சோறு வேகும்போது மற்றொன்றில் உலைத்தண்ணீர் சூடாகும். கடைசிப் பந்திக்கு ஆள் குறைந்தால் ஊறிய அரிசியை வடிகட்டி வைத்துவிட்டு மாலையில் தோசை மாவுக்கு அரைத்துவிடலாம். வீணாக ஒன்றும் இல்லை.

குடும்பங்களுக்கும் இது பெரிய நிம்மதி. இப்போது என்ன நடக்கிறது? சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் இடம் பிடித்து நிற்கிறார். ரசத்துக்கு வந்தாயிற்றா, மோருக்கு வந்தாயிற்றா என்று இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பவருக்கும் சோறு இறங்காது, நிற்பவருக்கும் கால் வலி. பத்துப் பேர் குடும்பம் நான்கு மேசையில் சிதறி உட்காருகிறது. ஒன்றரை மணிப் பந்திக்கு டோக்கன் கொடுத்துவிட்டால் அதுவரை கடைவீதியைச் சுற்றிவிட்டு வந்து ஒரே வரிசையில் உட்காரலாம். பந்தியில் எல்லோருக்கும் சாம்பார் ஒரே நேரத்தில் போவதால் வாளி ஆறுவதற்கும் வாய்ப்பில்லை.

நூறு பேருக்கு மற்றவை எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். பருப்புக்கும் சாம்பாருக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு நான்கு கிலோ. புளி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பொரியலுக்குக் காய் எட்டு கிலோ, கூட்டுக்கு ஆறு கிலோ. சாம்பார் 25 லிட்டர். ரசம் மட்டும் கீழே வைப்பதைவிட ஒன்றரை மடங்கு வையுங்கள். குளிருக்கு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பவர்கள் அதிகம்; மோரைப் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

அடுத்து, இலையில் ஆறிப்போகிற விஷயம். வெளியே பதினைந்து டிகிரி இருக்கும்போது குளிர்ந்த இலையில் விழும் சோறு ஐந்தே நிமிடத்தில் விறைத்துவிடும். இலையை வெந்நீரில் நனைத்த துணியால் இருபுறமும் துடைத்துவிட்டுப் போடுங்கள். அழுக்கும் போகும், இலையும் இளகி மடிக்கும்போது கிழியாது. சோற்றை ஒரே தடவையில் மலையாகக் கொட்டாமல், பருப்புக்குக் கொஞ்சம், சாம்பாருக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம் என்று மூன்று தடவை போட வேண்டும். பாத்திரத்தை மூடியபடியே கொண்டுவர வேண்டும். சாம்பார் வாளி சிறியதாக இருக்கட்டும். நான்கு லிட்டர் வாளி என்றால் ஆறுவதற்குள் காலியாகிவிடும். தாய்ப் பாத்திரத்தைச் சமையலறையில் கொதிநீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் அடி பிடிக்காமல் சூடு நிற்கும்.

நெய் இங்கே உறைந்து கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். பரிமாறுகிறவர் உதறி உதறிப் போட, பருப்பின் மேல் ஒரு வெள்ளைக் கட்டி உட்கார்ந்திருக்கும். நெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டே வலம் வந்தால் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் அவியலை முன்கூட்டியே செய்து வைத்தால் மேலே வெள்ளை ஏடு படர்ந்து நிற்கும். அவியல் அன்றைக்குப் பட்டியலில் இருந்தால் பந்திக்கு அரை மணிக்கு முன்தான் எண்ணெய் ஊற்றி இறக்க வேண்டும். சேமியா பாயசம் ஆறினால் களியாக இறுகிவிடும்; அதை இலையில் ஊற்றாமல் கிண்ணத்தில் சூடாகக் கொடுப்பதே மேல். அப்பளத்தைக் காலையிலேயே பொரித்துக் கூடையில் அடுக்குகிறார்கள். மூடுபனி இறங்கிய நாளில் அது அரை மணி நேரத்தில் நமுத்துவிடும். பொரித்த சூடு தணிந்ததும் தகர டின்னில் அடைத்து மூட வேண்டும். வடைக்கு எண்ணெயின் சூட்டைக் கீழே வைப்பதைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். மாவில் உள்ள ஈரம் இங்கே குறைந்த சூட்டிலேயே ஆவியாகி வெளியேறுவதால் மேல்புறம் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே மாவாக இருக்கும்.

தயிரைப் பற்றியும் புகார்கள் உண்டு. இரவு உறை ஊற்றினால் காலையில் பாலாகவே இருக்கிறது என்று பாக்கெட் தயிரை வாங்கிவிடுகிறார்கள். பாலை, விரல் வைத்தால் சுரீரென்று படும் சூட்டில் வைத்து, கீழே ஊற்றும் உறைமோரைப் போல் இரண்டு மடங்கு ஊற்றிக் கலக்கி, சாக்கில் சுற்றி அடுப்புத் திண்ணையின் ஓரம் வைத்தால் மாலை ஆறு மணிக்கு ஊற்றியது காலையில் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். இட்லி மாவுக்கும் இதே கவனம் வேண்டும். இரவு எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் காலையில் புளித்திருக்காது. மதியம் இரண்டு மணிக்குள் வெதுவெதுப்பான நீரில் அரைத்துவிட வேண்டும். நேரமில்லை என்று சோடா உப்பை அள்ளிப் போட்டால் இட்லி மஞ்சளடித்துச் சவர்க்கார வாடை வரும். ஆவியின் சூடும் குறைவு என்பதால் ஒரு ஈடுக்கு நான்கைந்து நிமிடம் கூடுதலாகும்.

காய்கறியில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. முருங்கைக்காயும் வாழைக்காயும் கீழேயிருந்து லாரியில் ஏறி வந்து வாடிய நிலையில் சாம்பாரில் விழுகின்றன. சமையலறைக்கு நாலு மைலில் தோட்டத்திலிருந்து பறித்த பீன்ஸ், கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், நூக்கல், மேரக்காய் (சௌசௌ), பச்சைப் பட்டாணி எல்லாம் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. மேரக்காயும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டு, பீன்ஸ் பருப்பு உசிலி, நூக்கல் சாம்பார் என்று ஒரு நாள், முட்டைகோஸ் பட்டாணிப் பொரியலும் முள்ளங்கிச் சாம்பாரும் என்று மறுநாள் போட்டால் கீழிருந்து வரும் குடும்பம் அந்தச் சுவையை மறக்காது. காலையில் பறித்த பீன்ஸைப் பொடியாக நறுக்கி, மூடாமல் கொதிநீரில் வேகவிட்டால் பச்சை நிறம் மாறாது. முட்டைகோஸை மூடிவைத்து நேரம் கடத்தினால் ஒரு வாடை கிளம்பும். அகன்ற வாணலியில் தாளித்து, தண்ணீர் தெளித்துச் சட்டென்று இறக்க வேண்டும். உதகை கேரட்டுக்குத் தேங்காய்ப்பூவே போதும், சர்க்கரை வேண்டியதில்லை. வாரம் ஒரு நாளாவது படுகர் வீடுகளில் செய்வதுபோல் அவரைக்கொட்டைக் குழம்பைச் சாப்பாட்டோடு போட்டால் இந்த மலையின் ருசியும் இலையில் இருக்கும். கொடைக்கானல் உணவகங்களுக்கு இதைவிட எளிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு பக்கத்திலேயே விளைகிறது. நாலு பல் நசுக்கிப் போட்ட ரசம் கூடத்துக்குள் வரும்போதே தலையைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இலைக்கு வருகிறேன். நீலகிரிக்கு வாழையிலை பெரும்பாலும் மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சீசனில் விலை ஏறுகிறது என்று சிலர் இலை வடிவில் வெட்டிய பளபளப்பான காகிதத்தைப் போடுகிறார்கள். மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள அந்த வகைத் தாளும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. கொதிக்கிற சாம்பாரை அதன்மேல் ஊற்றிக் குழந்தைக்குப் பிசைந்து ஊட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நுனி இலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டிய ஏட்டு இலையைப் போடுங்கள். ஒரு முழு இலையில் நாலைந்து தட்டுக்கு வரும். வாங்கிய கட்டை ஈரச் சாக்கில் சுற்றி நிற்கவைத்தால் இரண்டு நாள் தாங்கும். எச்சில் இலைத் தொட்டிக்குக் கனமான மூடி கட்டாயம். திறந்து போட்டால் குரங்கும் காட்டுப்பன்றியும் கரடியும் வந்து சேரும். குன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தண்ணீர்: பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் குடும்பங்கள் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவர வேண்டும். உணவகங்கள் அதில் வெந்நீர் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிப்பதால், கொதி வந்ததும் அணைத்துவிடாமல் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும்.

வருகிற குடும்பங்களுக்குச் சில வார்த்தை. பத்துப் பேருக்கு மேல் என்றால் காலை ஒன்பது மணிக்குள் உணவகத்துக்குப் போன் செய்து நேரத்தையும் எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். பெரியவர்களை வாசலுக்கு நேரே, குளிர்காற்று அடிக்கும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். சிறு குழந்தைக்குத் தனி இலை போட்டு வீணாக்குவதைவிட, அளவுச் சாப்பாடு ஒன்று வாங்கி, பருப்புச் சாதத்தையும் ரசம் சாதத்தையும் சூடு ஆறுவதற்குள் முதலில் ஊட்டிவிடுங்கள். பிறகு நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். எதெது மறுபடி பரிமாறப்படும், எதற்குத் தனிக் காசு என்று உட்காரும்போதே கேட்டுக்கொண்டால் பில் வரும்போது சச்சரவு இருக்காது. அன்றைக்கே மலை இறங்குகிறவர்கள் சாப்பிட்ட கையோடு வண்டியில் ஏற வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அன்று பாயசமும் மோரும் வேண்டாம். ரசம் சாதமும் அப்பளமும் வயிற்றில் நிற்கும். சீசனில் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகின்றன. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. ஆக, நாளைக்கு எத்தனை வண்டி வரப்போகிறது, அதில் எத்தனை பேர் என்ற விவரம் இன்றைக்கே அரசிடம் பதிவாகிறது. கூட்டம் தெரியாது என்று உணவகங்கள் இனியும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் மறுநாளைக்கான இ-பாஸ் எண்ணிக்கையை நிர்வாகம் வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும் சீசன் முடியும்வரை நீலகிரிப் பதிப்பின் முதல் பக்கத்தில் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டால், காலையில் பேப்பரைப் பார்த்து ஒன்பது மணிக்குள் எத்தனை பானைக்கு அரிசி ஊறவைப்பது என்று சமையலறையில் முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
உணவகச் சமையல் தொழிலாளி ஒருவர்,
குன்னூர்.